ஆத்துல நூறு கிலோமீட்டர் துடுப்பு போடணுமா, மொதல்ல ஒரு ராத்திரி கரையில நில்லுங்க

வள்ளம்னா நம்ம குமரி மாவட்டத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வள்ளம்களின்னு சொன்னா ஆலப்புழையில ஆகஸ்ட்ல நடக்குற நேரு டிராபி படகுப் போட்டி ஞாபகம் வரும், 1952-ல இருந்து நடக்குது, ஒரு சுண்டன் வள்ளத்துல நூறு பேர் சேர்ந்து துழாவுற அழகே அழகு. ஆனா அந்த ஓட்டம் ஒண்ணரை கிலோமீட்டர் கூட கிடையாது, அஞ்சு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும். நான் சொல்லப்போறது வேற மாதிரி போட்டி. ஒருத்தரோ ரெண்டு பேரோ ஒரு ஒல்லியான படகுல உக்காந்து ஆத்துல 100, 200, ஏன் 700 கிலோமீட்டர் வரைக்கும் போறது. ராத்திரியும் போவாங்க, அணை வந்தா படகத் தோள்ல தூக்கி ஓடுவாங்க, மறுபடி தண்ணியில இறங்குவாங்க.

போன வருஷம் நான் ஒரு போட்டோ போட்டதுல இருந்து நம்ம பக்கத்து பையங்க, பிள்ளைங்க நிறைய பேர் கேக்குறாங்க, அண்ணே இதுல எப்படி சேரணும், படகு என்ன விலைன்னு. எல்லாருக்கும் தனித்தனியா சொல்லி முடியல அதான் மொத்தமா எழுதுறேன். எல்லாரும் படகுல ஆரம்பிக்காங்க, நான் கரையில இருந்து ஆரம்பிக்கச் சொல்லுவேன். முதல் வருஷம் போய் பாருங்க, அடுத்த வருஷம் ஒருத்தருக்கு கரையில உதவி ஆளா நில்லுங்க, அதுக்குப் பிறகு படகுல ஏறுங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

மொதல்ல பேரு குழப்பம் தீரட்டும். கயாக்னா கால நீட்டி உக்காந்து, ரெண்டு முனையிலயும் இலை இருக்குற துடுப்பால வலது இடதுன்னு மாத்தி மாத்தி போடுறது. கனூன்னா ஒரு இலைத் துடுப்பு, நம்ம வள்ளத்துல போடுற மாதிரி ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான். போட்டியில கே-1, கே-2, சி-1, சி-2ன்னு போட்டிருப்பாங்க, எழுத்து படகு வகை, நம்பர் எத்தனை ஆளுங்கிறது. சர்வதேச மாரத்தான் போட்டியில ஓடுற கே-1 படகு 5.2 மீட்டர் வரை நீளம் இருக்கலாம், எடை குறைஞ்சது 8 கிலோ. எட்டு கிலோன்னா அரிசிச் சாக்குல மூணுல ஒரு பங்கு கூட வராது, அதோட ரொம்ப ஒல்லி, அதனாலதான் அது தண்ணியில அப்படி ஆடும். புதுசா ஏறுறவங்க அதுல அஞ்சு நொடி உக்காந்தாலே பெரிய விஷயம். அதனால கடையில பாத்து ஆசைப்பட்டு ஒல்லியான படகு வாங்கிறாதீங்க, அகலமான பிளாஸ்டிக் கயாக்ல தொடங்குங்க, அது 20 கிலோவுக்கு மேல வரும், மெதுவாத்தான் போகும், ஆனா லேசில கவுக்காது.

எந்த ரேஸ்? நம்ம மாவட்டத்து ஆளுங்க இல்லாத நாடு கிடையாது, அதனால நீங்களோ உங்க சொந்தக்காரங்களோ எங்க இருக்காங்களோ அதுக்கு பக்கத்துல உள்ளதப் பாருங்க. இங்கிலாந்துல இருந்தா டிவைசஸ் – வெஸ்ட்மின்ஸ்டர், டிவைசஸ்ங்கிற ஊர்ல இருந்து லண்டன் வரைக்கும், 1948-ல தொடங்கினது, ஈஸ்டர் சமயத்துல நடக்கும். 125 மைல், அதாவது சுமார் 201 கிலோமீட்டர், வழியில 77 இடத்துல படகத் தூக்கிட்டு ஓடணும், ரெட்டை ஆள் சீனியர் பிரிவு நிக்காம ராத்திரி பகலா போகும், மத்தவங்களுக்கு நாலு நாளாப் பிரிச்சு நடக்கும். கனடாவுல யூகான் ரிவர் குவெஸ்ட், வைட்ஹார்ஸ்ல இருந்து டாசன் சிட்டி வரைக்கும் 715 கிலோமீட்டர், 1999-ல இருந்து, ஜூன் கடைசியில அங்க சூரியன் ராத்திரியிலயும் சரியா மறையாது அந்த வெளிச்சத்துல போவாங்க. அமெரிக்காவுல மிசவுரி ஆத்துல கன்சாஸ் சிட்டியில இருந்து செயின்ட் சார்லஸ் வரைக்கும் 340 மைல், நாலு நாளுக்குள்ள முடிக்கணும். டெக்சாஸ்ல இருக்குறவங்களுக்கு டெக்சாஸ் வாட்டர் சஃபாரி, 260 மைல், 100 மணி நேரம்.

தென்னாப்பிரிக்காவுல டூசி மாரத்தான், பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து டர்பன் வரைக்கும் சுமார் 120 கிலோமீட்டர், மூணு நாள். நம்ம தமிழ் ஆளுங்க தலைமுறை தலைமுறையா இருக்குற ஊருங்க அது ரெண்டும். 1951-ல முதல் போட்டியில எட்டு பேர் இறங்கினாங்க, முடிச்சது ஒரே ஆள், இயான் பிளேயர், வழியில பாம்பு கடிச்சும் ஆறு நாளுக்கு மேல துழாவி வந்து சேர்ந்தார். பிறகு வெள்ளைக் காண்டாமிருகத்த அழியாம காப்பாத்தின ஆளும் அவரேதான். எனக்கு இந்த விளையாட்டு மேல முதல் மதிப்பு வந்ததே அந்தக் கதையக் கேட்டுத்தான்.

நம்ம நாட்டுல இருந்துட்டே தொடங்கணும்னா பக்கத்துல இருக்குறது கேரளாவுல சாலியார் ரிவர் பேடில், நிலம்பூர்ல இருந்து பேப்பூர் வரைக்கும் 68 கிலோமீட்டர், மூணு நாள். அது யார் முதல்ல வாறாங்கங்கிற போட்டி இல்ல, கூட்டமா சேர்ந்து துழாவிப் போயி வழியில ஆத்துல கிடக்குற பிளாஸ்டிக்க பொறுக்கிட்டு போறது. ஆனா தூரம் தூரம்தான், உடம்புக்கு தெரியும். குழித்துறையில பரசுராம் எக்ஸ்பிரஸ்ல ஏறி ஷொர்ணூர்ல இறங்கி நிலம்பூர் வண்டியப் பிடிச்சா போதும். இன்னொண்ணு, கோழிக்கோடு மாவட்டத்துல கோடஞ்சேரி பக்கம் மழைக்காலத்துல மலபார் ரிவர் ஃபெஸ்டிவல்னு ஒண்ணு நடக்கும், சாலிப்புழையிலயும் இருவஞ்சிப்புழையிலயும், அது பாறைக்கு நடுவுல நுரைச்சுப் பாயுற தண்ணியில போறது, முற்றிலும் வேற வித்தை, வேற படகு. அத போய் பாருங்க, கண்கொள்ளாக் காட்சி, ஆனா நீளப் போட்டிக்கு பயிற்சின்னு நினைச்சு அங்க இறங்கிறாதீங்க.

இப்போ பாக்கப் போறது எப்படி. கிரிக்கெட் மாதிரி ஒரு இடத்துல உக்காந்தா முழுசும் பாக்க முடியாது, படகு உங்களக் கடந்து போறது அரை நிமிஷம்தான். அதனால மேப்ப எடுத்து நாலே நாலு இடம் குறிச்சுக்கிடுங்க, தொடக்கம், படகத் தூக்குற ஒரு அணை, ராத்திரியில ஒரு பாலம், முடிவு. ஒவ்வொரு இடத்துக்கும் முதல் படகு வரும்னு சொல்லுற நேரத்துக்கு ஒரு மணிக்கூர் முன்னாடி போங்க, ஏன்னா ஆத்தங்கரை ரோடு எல்லா ஊர்லயும் ஒத்தையடிப் பாதைதான், கார் நிறுத்த இடம் கிடைக்காது. பெரிய ரேஸ்ல ஒவ்வொரு படகுலயும் ஜிபிஎஸ் கருவி வச்சிருப்பாங்க, போன்ல எங்க வருதுன்னு பாக்கலாம், ஆனா ஆத்துப் பள்ளத்துல சிக்னல் போயிரும், படகு நம்பரையும் உத்தேச நேரத்தையும் ஒரு தாள்ல எழுதி பாக்கெட்ல வைங்க.

பாக்குறதுக்குன்னே ஒரு ரேஸ் சொல்லணும்னா மிச்சிகன்ல நடக்குற ஆசேபிள் மாரத்தான். ஜூலை கடைசியில ராத்திரி ஒம்பது மணிக்கு கிரேலிங்ங்கிற ஊர்ல ஜோடி ஜோடியா கனூவத் தலைக்கு மேல தூக்கிட்டு தெரு வழியா ஓடி ஆத்துல குதிப்பாங்க, 120 மைல், மறுநாள் ஆஸ்கோடாவுல முடியும். ஊரே விடிய விடிய கார எடுத்துட்டு பாலம் பாலமா பின்னால போகும், நம்ம ஊர்ல திருவிழா ராத்திரி எப்படி இருக்குமோ அப்படி. 1947-ல இருந்து நடக்குது. ஸ்பெயின்ல செல்லா ஆத்துப் போட்டியில ஆத்தோரமா கூடவே ரயில் விடுவாங்க, ரயில்ல உக்காந்து ரேஸ் பாக்கலாம், அது 20 கிலோமீட்டர்தான்.

பாக்கப் போன இடத்துல மூணு விஷயம் தயவுசெஞ்சு செய்யாதீங்க. படகத் தூக்கிட்டு ஓடி வாற பாதையில நிக்காதீங்க, போட்டோவுக்காக குனியாதீங்க, அஞ்சு மீட்டர் படகு தோள்ல இருக்கும்போது அவங்களால டக்குனு திரும்ப முடியாது, பின்முனை உங்க முகத்துல அடிக்கும். தெரியாத ஆளுக்கு தண்ணியோ பழமோ நீட்டாதீங்க, பதிவு பண்ணின உதவி ஆள் தவிர வேற யார்கிட்ட வாங்கினாலும் தண்டனை குடுக்குற ரேஸ் உண்டு. அப்புறம் "இன்னும் கொஞ்ச தூரம்தான்"னு கத்தாதீங்க. அது ஆறுதல்னு நமக்குத் தோணும், நாப்பது கிலோமீட்டர் மிச்சம் இருக்கவனுக்கு அது ரொம்ப சங்கடம். பேரு தெரிஞ்சா பேரச் சொல்லுங்க, இல்லன்னா நம்பரச் சொல்லி கைதட்டுங்க, அது போதும்.

சரி, கரையில உதவி ஆள். இதத்தான் நான் மனசாற சொல்ல நினைக்கேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஈஸ்டருக்கு நான் இங்கிலாந்துல ரெடிங்ல இருந்தேன், எனக்க சித்தி மகன் அங்க நர்ஸா இருக்கான். கூட வேலை பாக்குற ஒருத்தரோட ஜோடி சேர்ந்து டிவைசஸ் ரேஸ்ல பேர் குடுத்திருந்தான். ஊர்ல மேம்பாலத்துல இருந்து குழித்துறை ஆத்துல குதிச்சு வளந்தவன், தண்ணின்னா உயிரு. அண்ணே நீங்களும் வாங்க, கார்ல இருந்து சாப்பாடு குடுத்தா போதும்னான். குடுத்தா போதும்னுதான் நானும் நினைச்சேன்.

டிவைசஸ்ல இருந்து ரெடிங் வரைக்கும் கால்வாய், ஐம்பது மைலுக்கு மேல, பெரும்பாலும் ஓட்டமே இல்லாத தண்ணி. ரெடிங்ல தேம்ஸ் ஆத்துல சேருது. சாயங்காலம் ஒரு பாலத்துகிட்ட நாங்க குடுக்க வேண்டியது ரெண்டு குப்பி தண்ணியும் சாப்பாடும். நாங்க அரை மணிக்கூர் முன்னாலயே போயி நின்னோம், எல்லாம் எடுத்து வரிசையா வச்சோம். அவங்க வந்தாங்க, கால்வாய்க்கு அந்தக் கரையில ஏறினாங்க. நடைபாதை அந்தப் பக்கம், நாங்க நின்னது இந்தப் பக்கம், பாலம் இருநூறு மீட்டர் தள்ளி. நான் குப்பிகள எடுத்துட்டு ஓடினேன், சுத்தி அங்க போய்ச் சேரும்போது படகு வளைவு தாண்டியாச்சு. அடுத்து எங்களால அவங்கள பிடிக்க முடிஞ்சது ஒண்ணே முக்கால் மணிக்கூர் கழிச்சு. அவனுக்க உதட்டோரம் முழுக்க வெள்ளையா உப்பு படிஞ்சிருந்தது. ஒண்ணும் சொல்லல, கைய மட்டும் நீட்டினான். நான் ஒரு குவளை கஞ்சிவெள்ளம், உப்பு போட்டு இளஞ்சூடா, வாய் அகலமான குப்பியில வச்சிருந்தேன், அத ரெண்டு கையாலயும் சேத்துப் பிடிச்சுக் குடிச்சான், ஏன்னா விரல் ஒண்ணும் மடங்கல, குளிர்ல விறைச்சுப் போச்சு. மூடியத் திறந்து குடுக்கணும்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, ஜிப்ப மேல இழுத்து விடுறதக்கூட நாமதான் செய்யணும். அந்த ஒண்ணே முக்கால் மணிக்கூர நினைச்சா இப்பவும் எனக்கு மனசு வலிக்கும்.

அதனால உதவி ஆளா போறவங்க நான் சொல்லுறத எழுதி வைங்க. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பாலத்துக்க பேரு மட்டும் போதாது, எந்தக் கரைன்னு எழுதணும், கார் எங்க நிறுத்தி எவ்வளவு தூரம் நடக்கணும்னு எழுதணும், முடிஞ்சா முந்தின நாள் பகல்ல போயி கால் வச்சுப் பாக்கணும். ஆள் குறைஞ்சது மூணு பேர், ஒருத்தர் வண்டி மட்டும், அவரு தூங்கி எழுந்தவரா இருக்கணும். ஒரு இடம் தப்பிப் போனா பின்னால துரத்தாதீங்க, அடுத்தத விட்டுட்டு அதுக்கு அடுத்த இடத்துல போயி தயாரா நில்லுங்க. குடுக்குற எல்லாத்தையும் மூடி திறந்து, தோல் உரிச்சு, ஒரு வாய் அளவா வெட்டி வைங்க. என்ன சாப்பிட்டான், எவ்வளவு குடிச்சான், ஒண்ணுக்கு போனானான்னு நேரம் போட்டு எழுதுங்க, கேக்க கூச்சமா இருக்கும் ஆனா உடம்புல தண்ணி குறையுதான்னு தெரிய அதுதான் வழி. அவன் முகத்தப் பாத்து பேச்சு குடுங்க, பேரக் கேளுங்க, நாக்கு குழறினா, நடுக்கம் இருந்தது திடீர்னு நின்னு போனா, அது ஓய்வு இல்ல, உடம்புச்சூடு இறங்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அப்போ ரேஸ நிறுத்தச் சொல்லுற தைரியம் உங்களுக்கு வேணும். படகுல இருக்கவன் நிறுத்த மாட்டான். அந்த முடிவ கரையில நிக்குறவங்ககிட்ட குடுத்துட்டுத்தான் அவன் இறங்கணும், இத ரேஸுக்கு ஒரு வாரம் முன்னாடியே ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கணும்.

அந்த ஒரு ராத்திரி நின்னா போதும், படகுல என்ன வேணும் என்ன வேண்டாம்னு உங்களுக்கே தெரிஞ்சிரும், ஒரு வருஷம் யூடியூப் பாத்தாலும் அது கிடைக்காது.

இனி நீங்க இறங்குறதுக்கு. நீச்சல் தெரியணும், குளத்துல குதிக்கத் தெரியுறது இல்ல, உடுப்போட நூறு மீட்டர் நீந்தத் தெரியணும். லைஃப் ஜாக்கெட் எப்பவும், முட்டளவு தண்ணியில பழகினாலும். போட்டு வார் எல்லாம் இறுக்கிட்டு கூட நிக்குறவர தோள்பட்டையில பிடிச்சு மேல தூக்கச் சொல்லுங்க, அது காது வரைக்கும் ஏறி வந்தா அது உங்க அளவு இல்ல. பிறகு வேணும்னே படகக் கவிழ்த்து வெளிய வரப் பழகணும், பத்து தடவ, கரையில ரெண்டு பேர் நிக்கும்போது. கவிழ்ந்தா துடுப்பையும் படகையும் விடாதீங்க, ஓட்டம் உள்ள இடத்துல எழும்பி நிக்கப் பாக்காதீங்க, கால் பாறை இடுக்குல மாட்டினா தண்ணி அப்படியே முன்னால தள்ளி அமுக்கிரும். மல்லாந்து, கால் ஓட்டத்துக்கு முன்னால வர்ற மாதிரி மிதந்து கரைக்கு ஒதுங்குங்க.

எங்க பழகுறது? நம்ம தாமிரபரணி, குழித்துறை ஆறுன்னு நாம சொல்லுறது, கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்துல சேந்து வாறது. குழித்துறைக்கு கீழ தேங்காப்பட்டணம் வரைக்கும் வெயில் காலத்துல அமைதியான நீளமான தண்ணி கிடைக்கும். மணக்குடி காயலும் நல்லது, பழையாறு கடல்ல சேருற இடத்துக்கு உள்பக்கம், ஆனா அங்க மீன்பிடிக்குறவங்க வலை போட்டிருப்பாங்க, அது அவங்க சோறு, முந்தின நாள் போயி கேட்டு எந்தப் பக்கம் வலை இல்லன்னு தெரிஞ்சுட்டு இறங்குங்க. பொழிமுகத்துக்கு மட்டும் போகாதீங்க. தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துல அனுபவமுள்ள எத்தனையோ மீனவர்கள் உயிர விட்டிருக்காங்க, கடலும் ஆறும் முட்டுற இடத்துல எட்டு கிலோ படகுக்கு என்ன வேலை.

மழைக்காலத்துல பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள்ல தண்ணி மட்டம் பாக்காம இறங்கவே கூடாது. பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, நிறையப் போகும்போது உபரி திறப்பாங்க, மேல மலையில பெய்யுற மழை நமக்கு இங்க வெயிலா இருக்கும்போதே குழித்துறைக்கு வந்து சேரும். சப்பாத்து, அதான் ஆத்துக்கு குறுக்க தாழ்வா இருக்குற பாலம், அது மேல தண்ணி ஏறுற நாள்ல ஆத்தப் பாத்துட்டு வீட்டுக்குப் போங்க. தடுப்பணை இன்னும் மோசம். பாத்தா சின்ன நேர் கோடு மாதிரி தண்ணி அழகா விழும், ஆனா விழுந்த தண்ணி அடியில போயி மேல வந்து திரும்ப அணையப் பாத்து உருளும், அதுல மாட்டின ஆளையும் படகையும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் சுத்திச் சுத்தி உள்ளயே வச்சிருக்கும். ஐம்பது மீட்டர் முன்னாலயே கரை ஏறி தூக்கிட்டு நடங்க. மணல் அள்ளின குழியில கசம் இருக்கும், கரையில இருந்து ரெண்டு எட்டு வச்சா கழுத்துக்கு மேல போகும், இறங்குற இடத்தக் கம்பால குத்திப் பாருங்க.

ஆத்த வாசிக்கிறதுன்னு ஒண்ணு இருக்கு, அத எனக்கு சொல்லித் தந்தது தேங்காப்பட்டணம் பக்கத்துல வள்ளம் வச்சிருக்க ஒரு மாமா. நான் நேர்கோட்டுல துழாவிட்டுப் போறதப் பாத்துட்டு கரையில இருந்து கூப்பிட்டார். ஒரு காஞ்ச தென்னம்பாளையத் தூக்கி தண்ணியில போட்டார். "அது போற வழியப் பாரு மக்கா, நுரையும் அந்த வழிதான் போகும், அதுதான் ஆத்துக்க வழி. நீ உனக்க வழியில போற, அதான் உனக்கு கை வலிக்கி"ன்னார். பாளை வளைவுல வெளிப்பக்கமா ஒதுங்கி, என்னவிட வேகமா, ஒரு கை வலியும் இல்லாம போச்சு. வளைவுல வெளிக்கரைப் பக்கம் ஆழம், ஓட்டம் அங்கதான், உள்பக்கம் மணல் ஏறி ஆழம் குறைஞ்சு கிடக்கும், ஆழம் குறைஞ்ச இடத்துல படகு கிளப்புற அலையே படகப் பின்னால இழுக்கும், யாரோ பிடிச்சு வச்ச மாதிரி இருக்கும். அதே நேரம் வெளிக்கரையிலதான் சாஞ்ச மரமும் மூங்கிலும் கிடக்கும், தண்ணி இலை வழியாப் போயிரும், நாம போக மாட்டோம், அதுல மாட்டுறது ரொம்ப ஆபத்து. அதனால ஓட்டத்துக்க ஓரத்துல போங்க, ஓட்டம் இழுக்குற பக்கமே போயிறாதீங்க.

துடுப்பு போடுறது கையால இல்ல. இத எல்லாரும் சொல்லுவாங்க, உடம்புக்குப் புரிய ரெண்டு மாசம் ஆகும். துடுப்ப கால் பாதத்துக்கு நேரா முன்னால குத்தி, அந்தப் பக்கத்துக் கால ஊணி, இடுப்பத் திருப்பி இழுக்கணும், கை வெறும் கயிறு மாதிரி. இடுப்புக்கு நேரா வந்ததும் வெளிய எடுத்திரணும், அதுக்குப் பின்னால இழுத்தா தண்ணியத் தூக்குறோமே தவிர படகத் தள்ளல. கனூவுல ரெண்டு பேர் போனா ஆறு பத்து தடவைக்கு ஒருக்கா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பக்கம் மாத்தணும், அமெரிக்காவுல பின்னால உக்காந்தவரு "ஹட்"னு கத்துவாரு, நாங்க "மாத்து"ன்னு கத்துவோம். இன்னொரு படகு பக்கத்துல போச்சுன்னா அது கிளப்புற பக்க அலை மேல உங்க முன்முனைய ஏத்தி வச்சுக்கிடுங்க, இறக்கத்துல சைக்கிள் போற மாதிரி நிறைய பலம் மிச்சமாகும், ஆனா பிறகு நீங்களும் முன்னால போயி அவருக்கு அலை குடுக்கணும், அது மரியாதை.

கணக்கு சொல்றேன். ஓட்டமில்லாத தண்ணியில அகலமான கயாக்ல சாதாரண ஆள் மணிக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர் போவாரு. சாலியார் 68 கிலோமீட்டர மூணாப் பிரிச்சா நாளுக்கு 23, அதாவது நாலு அஞ்சு மணிக்கூர். அப்போ நீங்க வீட்டுல பழகும்போது தொடர்ந்து ரெண்டு நாள், நாளுக்கு மூணு மணிக்கூர் வலி இல்லாம துழாவ முடிஞ்சா தைரியமா பேர் குடுக்கலாம். வாரம் மூணு தடவ தண்ணி, அதுல ஒண்ணு நீளமானது, ஒவ்வொரு வாரமும் அதுல கொஞ்சம் கூட்டணும், நாலாவது வாரம் குறைக்கணும். நாலு மாசம் வேணும். நூறு இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு வருஷமாவது, அதுல ராத்திரிப் பயிற்சி கண்டிப்பா, தெரிஞ்ச தண்ணியில, கூட ஒரு படகு, தலையில டார்ச், கரையில ஆள்.

சாப்பாட்டுக்கு நம்ம ஊரு மாதிரி கிடையாது. வெளிநாட்டு ஜெல் பாக்கெட் எல்லாம் நான் தின்னு பாத்தேன், பத்து மணிக்கூருக்குப் பிறகு அந்த இனிப்பு தொண்டையில இறங்காது. மட்டிப்பழம் ஒண்ணு ரெண்டு வாயில முடியும், ஆனா பையில நசுங்கும், டப்பாவுல வைங்க. ஏத்தம்பழம் புழுங்கி துண்டு போட்டு லேசா உப்பு தூவினா அருமை. கருப்பட்டி சின்னச் சில்லா உடைச்சு கன்னத்துல ஒதுக்கிட்டா அரை மணிக்கூர் ஓடும். கஞ்சிவெள்ளம் உப்போட, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. மரச்சீனி, அதான் மரவள்ளிக்கிழங்கு, வேண்டாம், நல்லாத்தான் இருக்கும் ஆனா தொண்டை அடைக்கும். மணிக்கூருக்கு ஒரு தடவையாவது கொஞ்சம் சாப்பிடணும், பசி வாற வரைக்கும் காத்திருந்தா பிந்திப் போச்சு. வெறும் தண்ணியையே லிட்டர் கணக்குல குடிக்காதீங்க, உப்பும் சேரணும். என்ன சாப்பிடப் போறீங்களோ அத பயிற்சியிலயே சாப்பிட்டுப் பழகுங்க.

கையில கொப்புளம் வரும். பெருவிரல் உள்பக்கமும் மோதிர விரல் அடியும்தான் முதல்ல. வாற முன்னாலயே மருந்துக்கடை துணிப் பிளாஸ்டர் ஒட்டுங்க, அக்குள்ல வாசலின், உள்ள போடுற சட்டை தையல் இல்லாததா. காட்டன் வேண்டாம், நனைஞ்சா காயாது, குளிர் நாட்டுல அது ஆபத்து. உடம்புல புண் இருந்தா மழை கலங்கின ஆத்துல இறங்காதீங்க, எலிக்காய்ச்சல் நம்ம ஊருக்குப் புதுசு இல்ல, தண்ணியில இறங்கி ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட ஆத்துல இறங்கினேன்னு மறக்காம சொல்லுங்க.

பேர் குடுக்கும்போது விதிமுறைய ஒரு தடவ இல்ல மூணு தடவ வாசிங்க. எந்த இடத்த எத்தனை மணிக்குள்ள தாண்டணும், உதவி ஆள் கட்டாயமா, விளக்கு, விசில், மாத்து உடுப்பு, குளிருக்கு உடம்புல போத்திக்கிற பளபளத் தாள் எது எது படகுல இருக்கணும், எல்லாம் தொடக்கத்துல சோதிப்பாங்க, ஒண்ணு குறைஞ்சாலும் இறக்க மாட்டாங்க. டிவைசஸ் ரேஸ்ல இன்னொரு கணக்கு, லண்டன் பக்கம் டெடிங்டன்ங்கிற இடத்துல இருந்து கடைசி 17 மைல் தேம்ஸ்ல கடல் தண்ணி ஏறி வத்துற பகுதி. தண்ணி வத்துற நேரத்துக்கு அங்க போய்ச் சேந்தா ஆறே கொண்டு போய் விடும், பிந்தினா எதிர்த்துத் துழாவ முடியாது. அதனால முடிவுல இருந்து பின்னால கணக்குப் போட்டுத்தான் டிவைசஸ்ல எத்தனை மணிக்கு இறங்குறதுன்னு முடிவு பண்ணுவாங்க. எங்க தம்பி மூணு மாசம் அந்தக் கணக்க ஒரு நோட்டுல போட்டு போட்டுப் பாத்தான்.

அவங்க வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துகிட்ட வந்து சேந்தது மறுநாள் காலையில. படகு கரையில முட்டினதும் தம்பி எழும்பலாம்னு பாத்தான், கால் வரல, நானும் இன்னொருத்தரும் ரெண்டு கையிலயும் பிடிச்சுத் தூக்கினோம். அதுக்கும் தயாரா போங்க. முடிவுக் கோட்டுக்கு கொண்டு போக வேண்டியது, காஞ்ச உடுப்பு முழு செட், கம்பளி, செருப்பு பெருசா, ஏன்னா பாதம் ஊறி ஷூவுக்குள்ள போகாது, உப்புக் கஞ்சி இன்னொரு குப்பி. ஈர உடுப்ப மாத்தின பிறகுதான் போட்டோ. வீட்டுக்கு வண்டி ஓட்டப் போறவர் முந்தின ராத்திரி ஆறு மணிக்கூர் தூங்கியிருக்கணும், அப்படி யாரும் இல்லன்னா டாக்சி பிடிங்க, நாங்க பிடிச்சோம்.